சூரனுக்கு வைத்த முகம்

எங்கள் தோட்டத்து முருகன் கோவிலில் ஒரு சூரன் இருக்கிறான். உடம்பு பலகைச் சட்டம், தலை கதுரு மரம். செய்தவன் நான். இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால், "அடேயப்பா, நீங்களா?" என்று வியப்பார்கள். நான் அவசரமாகப் பேச்சை மாற்றுவேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தத் தலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

ருவான்வெல்லையிலிருந்து தெரணியகலைக்குப் போகிற பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று சொல்வது பழக்கதோஷம். வரிசை வீடான லயத்தில் நாங்கள் படுத்து எழும்பிய காம்பராகூட எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவும் நானும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். பால் வெட்டுக்காரனுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். மழை நாளில் வேலையே இல்லை. அந்த நேரத்தில் நான் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. கதவு நிலை, கட்டில் கால், செத்தவர்களுக்குப் பெட்டி, எல்லாம் நானே பார்த்துப் பழகியதுதான்.

இவற்றை விட எனக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. கைத்தடியின் பிடியில் ஆட்களின் முகத்தைச் செதுக்குவேன். ஸ்டோர்க்காரரின் இரட்டை நாடி, கடைக்காரரின் பூசணி மூக்கு, பூசாரியின் ஓட்டைப் பல். ஒருவரைப் பார்த்தால் முதலில் என் கண்ணில் படுவது அவருடைய கோணல்தான். அதை இரண்டு பங்காக்கிச் செதுக்கினால் பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் அடிமை. கள்ளுக்கு அடிமையாகியிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திராது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், கோவில் சாமான் அறையில் இருந்த பழைய சூரனைக் கறையான் தின்றுவிட்டது. கந்த சஷ்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கோவில் கமிட்டி என்னைக் கூப்பிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னது.

எங்கள் கோவிலில் சூரனைத் தூக்குகிற விதம் தனி. பெரிய கோவில்களில் போல நாலு பேர் கம்பு பிடித்துத் தூக்குவதில்லை. உடம்பு உள்ளே கோறையாக இருக்கும். ஒரே ஆள் அதற்குள் புகுந்து தோளில் தாங்கி, சூரனின் வயிற்றில் இருக்கிற ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு ஆட வேண்டும். மேலே ஒரு முளை இருக்கும். அதில் முதலில் யானைத் தலையை மாட்டுவார்கள், வேல் பட்டதும் கழற்றிவிட்டுச் சிங்கத் தலை, கடைசியில் சூரனின் சொந்தத் தலை. உள்ளே புகுந்து ஆடுகிறவர் ஏதாவது ஒரு நேர்த்தி வைத்திருப்பவராக இருப்பார். ஆறு நாளும் விரதம் இருந்து, வேல் படுகிற வரைக்கும் தலை கீழே விழாமல் ஆடி முடித்தால் நேர்த்தி பலிக்கும். இடையில் தலை விழுந்தால் பலிக்காது. யானைத் தலையும் சிங்கத் தலையும் நன்றாகவே இருந்தன. நான் செய்ய வேண்டியிருந்தது உடம்பும் கடைசித் தலையும்தான்.

கடைசித் தலைக்கு யாருடைய முகத்தை வைப்பது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் மலைக்குக் கங்காணியாக இருந்தவர் மேல் எனக்கு அப்போது ஆத்திரம்.

அதற்கு முந்திய மாதம் பால் நிறுக்கிற கொட்டகையில் தோட்ட அதிகாரி சின்னத் துரை கண்ணாடிக் குழாயோடு வந்து நின்றார். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் குழாய் காட்டிக் கொடுத்துவிடும். அம்மாவின் வாளியில் குழாயைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது யாருடைய வாளி?" என்று கேட்டார். கங்காணி அம்மாவைக் கை காட்டினார். "தண்ணி கலந்திருக்குங்க தொரை" என்றும் சொன்னார். நாற்பது பெண்களுக்கு முன்னால். அம்மாவுக்கு இரண்டு கிழமைக்கு அரைப்பேர் போட்டார்கள், அதாவது முழு நாள் வேலைக்குப் பாதி நாள் பதிவு. பாதி நாள் போனது பெரிதில்லை. ஐம்பது வயதில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெறும் வாளியோடு வந்ததை நான் பார்த்தேன். என் அம்மாவா பாலில் தண்ணீர் ஊற்றுவாள்?

கதுரு மரம் ஈர நிலத்தில் வளரும். லேசான மரம். சிங்களவர்கள் முகமூடி செதுக்குவது இதில்தான். ஓடைக்கரையில் ஒரு துண்டு வெட்டி வந்து, தோலுரித்து, எங்கள் அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் பத்து நாள் புகை போட்டேன். பிறகு உட்கார்ந்து செதுக்கினேன். கங்காணியின் மூக்கு கொஞ்சம் பெரிது, நான் ஒரு வாழைப்பூ அளவுக்கு ஆக்கினேன். மூக்கின் இடப்பக்கம் ஒரு மரு, அதை நெல்லிக்காய் ஆக்கினேன். மேல்வரிசையில் ஒரு பல் உதட்டின் மேல் படியும், அதை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டேன். தாடையை மட்டும் பெரிதாக்கவில்லை, அரிந்தே எடுத்துவிட்டேன். துரைமாருக்கு முன்னால் வளைந்து நிற்கிறவனுக்குத் தாடை எதற்கு என்று நினைப்பு. வெடிப்புகளில் மரத்தூளை ரப்பர் பாலில் குழைத்து அடைத்தேன். உடம்பில் கவசம் வரைவதற்குப் பதில் காக்கிக் கோட்டும் நாலு பொத்தானும் வரைந்தேன். கங்காணி எப்போதும் குடையின் கைப்பிடியைக் கோட்டுக் கழுத்தில் பின்பக்கமாக மாட்டித் தொங்க விட்டிருப்பார். சூரனின் பிடரியிலும் ஒரு கொக்கி வைத்தேன். அதை வைத்த அன்று நானே தனியாக இருந்து சிரித்தேன்.

அம்மாவிடம் மறைக்க முடியாது. தலை அவளுடைய அடுப்புக்கு மேலே அல்லவா இருந்தது. செதுக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயிண்ட் பூசின அன்று கேட்டாள்.

"இது கங்காணி ஐயாதானே?"

"சூரன்மா."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஏன்டா இப்புடிப் பண்ணுன?"

"ஒன்னைய நாப்பது பேருக்கு முன்னால நிக்க வச்சாரே, அதுக்கு."

அம்மா அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி வைத்தாள். "தண்ணி ஊத்துனது நாந்தான்டா. மழைக்குப் பாலு கொறைஞ்சு போச்சு, ஊத்துனேன். அதுக்கு முன்ன ரெண்டு தரம் ஊத்துனப்பவும் அவருக்குத் தெரியும். கண்டும் காணாம விட்டாரு. அன்னைக்குத் தொரை குழாயோட நிக்கிறாரு, அவரு என்ன செய்வாரு?"

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். இருந்த ஒரே நியாயமும் போய்விட்டது. ஆனால் தலை முடிந்திருந்தது, நன்றாக வேறு வந்திருந்தது.

சஷ்டி தொடங்கி நாலாம் நாள், பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அந்த வருடம் சூரன் தூக்குவது கங்காணி என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கங்காணியின் மனைவியே பீலியில் வைத்து அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அவர்களுடைய ஒரே மகன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. ஐந்து மாதத்துக்கு முன்னால், யுத்த காலத்து பொலிஸ் செக்கிங்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாது. கங்காணி நாலு தடவை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒவ்வொரு வாசலாக நின்றுவிட்டு வந்திருக்கிறார். கடைசியில் முருகனிடம் வந்திருக்கிறார். ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து, சூரனைத் தூக்கி ஆடுகிறேன், மகனைத் திருப்பிக் கொடு என்று.

"இன்னும் ரெண்டு நாளு இருக்கு. அந்த மூக்கையும் மருவையும் சீவி எறிஞ்சிடுடா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அம்மா.

அரை மணி நேர வேலை. எனக்கும் தெரியும். "பெயிண்ட் காஞ்சிருச்சும்மா. இப்பக் கை வச்சா எல்லாம் கெட்டுப் போயிரும்" என்றேன்.

பல வருடங்களாக இந்தக் கதையை என் மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம், ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆத்திரம் அம்மா கேத்தலை இறக்கி வைத்த அன்றே செத்துப் போயிற்று. உண்மை என்னவென்றால், அம்மா அப்படிக் கேட்டதற்கு முந்தின நாள் பின்னேரம் மேல் லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து தலையைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். "வாயத் தொறந்து தொரைனு சொல்லும் போல இருக்கே!" என்றான் ஒருவன். என் கையிலிருந்து அதுவரை அப்படி ஒரு வேலை வந்ததில்லை. அதைச் சீவி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் தன் பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கிறான், எனக்கு என் மரத்துண்டு பெரிதாகப் போய்விட்டது.

ஆறாம் நாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தான் சூரன் போர். மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்றத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். புதுச் சூரன் என்பதால் அன்றைக்குக் கண் திறக்க வேண்டும். எல்லாம் பூசி முடித்தாலும் கருவிழியை மட்டும் விட்டுவைத்து, களத்தில் வைத்து, தூக்கப் போகிறவருக்கு முன்னால்தான் வரைய வேண்டும். செய்தவன்தான் வரைய வேண்டும். இதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை.

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுத் தலையை மூடியிருந்த சிவப்புத் துணியை எடுத்தார். எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், களம் முழுவதும் பற்றிக்கொண்டது. "அபே கங்கானி மஹத்தயா நேத!" என்று ஒரு த்ரீவீலர்க்காரர் கத்தினார். நம்முடைய கங்காணி ஐயா அல்லவா என்று ஊர்க்காரரும் கண்டுகொண்டார்கள்.

கங்காணி எனக்கு எட்டுகிற தூரத்தில் நின்றார். ஈர மஞ்சள் வேட்டி, ஆறு நாள் தாடி, உதடு வெடித்திருந்தது. கோட்டும் இல்லை, குடையும் இல்லை. அவர் தலையைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார், மருவைப் பார்த்தார், பிடரியில் இருந்த கொக்கியையும் பார்த்தார். முன்பே யாராவது சொல்லியிருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கையில் சின்ன பிரஷ்ஷும் கறுப்பு டின்னும் இருந்தன. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"தம்பி," என்றார். "தலை முளையில இறுக்கமா நிக்குமா? வேல் படுறதுக்கு முன்ன விழுந்துறக் கூடாது."

"நிக்குங்க ஐயா."

"அப்ப சரி. கண்ண வரைங்க. நேரமாகுது."

எனக்கு மூத்தவர், என்னை அதுவரை நீ, வா, போ என்றவர், அன்றைக்கு "வரைங்க" என்றார். கண் திறக்கிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. கங்காணிக்கு இடது கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த இடத்திலாவது நான் சாதாரணமான ஒரு அசுரக் கண்ணை, உருண்டை விழியை, வரைந்து விட்டிருக்கலாம். கை பழக்கத்தில் போனது. தாழ்ந்த இமைக்குக் கீழே பாதி விழிதான் வரைந்தேன். சிரிப்பு இன்னும் கூடியது.

அவர் உள்ளே புகுந்தார். யானைத் தலை போனது, சிங்கத் தலை போனது. கடைசித் தலையை மாட்டியதும் விசில் பறந்தது. "கொடைய விரிங்க கங்காணி ஐயா, வேல் வருது!" என்று கத்தினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் களமே அரோகரா என்று அதிரும். அன்றைக்கு அரோகரா சொன்னது ஒரே ஒரு குரல். கங்காணியின் மனைவி கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சிரிப்புக்கு நடுவில், தொண்டை கிழியத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். பிறகு என் அம்மாவும் போய் அவர் பக்கத்தில் நின்று கத்தினாள்.

அவர் நன்றாக ஆடினார். குதிக்க வேண்டிய இடத்தில் குதித்தார், மூன்று தரம் சுற்றினார். மழைத் தூறலில் களம் வழுக்கியது. ஒரு தரம் முழங்கால் மடிந்து எழும்பினார். தலை அசையவில்லை. முளையை நான் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. வேல் பட்டதும் பூசாரி தலையைக் கழற்றி, முறைப்படி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். அப்போது எழும்பிய கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கங்காணி வெளியே வந்து சேற்றில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார். என்னைத் தாண்டிப் போனபோது நான் பெயிண்ட் டின்னைத் தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டேன். டின் என் கையில்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் என்னைத் தண்டித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். செங்குத்தான மலையில் மரங்களைக் கொடுத்திருக்கலாம், அரைப்பேர் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அதே மரங்கள், அதே பேர். அம்மா ஒரு மாதம் சோற்றைப் போட்டு வைப்பாள், பேச மாட்டாள்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மகன் வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வந்தான். நான் அன்றைக்கே ஓடைக்கரைக்குப் போய் ஒரு கதுருத் துண்டு வெட்டி வந்தேன். புதுத் தலை செய்வதாகக் கமிட்டியிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் பின்னேரம் கங்காணி எங்கள் காம்பராவுக்கு வந்தார். அவர் எங்கள் இஸ்தோப்பில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"புதுத் தலை செய்யப் போறியாமே?"

"ஆமாங்க ஐயா."

"வேணாம் தம்பி. அந்தத் தலையத் தூக்கித்தானே கேட்டேன். புள்ள வந்துட்டான். இப்ப அத மாத்துனா என்னா ஆகுமோன்னு பயமா இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் அப்புடியே இருக்கட்டும்."

அந்த இடத்தில் நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்றுதான் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆக, சூரன் அதே முகத்தோடு இருந்தான். சாமான் அறையின் ஈரத்தில் பெயிண்ட் உரிந்துவிடும். ஒவ்வொரு ஐப்பசியும் நான்தான் போய்ப் பூச வேண்டும். மருவுக்குக் கறுப்பு, பல்லுக்கு மஞ்சள், கோட்டுக்குக் காக்கி. வருடா வருடம் அதே குற்றத்தைப் புதிதாகப் பளபளக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவர் முழங்கால் விடுகிற வரைக்கும் வருடம் தவறாமல் தூக்கினார். பிறகு மகன் தூக்கினான். வயது போகப்போகக் கங்காணிக்குக் கன்னம் ஒட்டியது, முன்பல் விழுந்தது. அந்தத் தலை யாரென்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது. சிரிப்பும் நின்றுவிட்டது. அதற்காக நான் ஆறுதல்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அவர் இறந்தார். பெட்டி செய்தது நான். மன்னிப்பைக் கடைசிவரை கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் சாமான் அறையில் தலையை மடியில் வைத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி வாசலில் வந்து நின்றார். பெரியம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல அவரு படம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். "ஐடென்டிட்டில இருந்தத மரணப் பதிவுக்குக் குடுத்தாச்சு. மவன் கல்யாணப் படத்துல கொடையப் புடிச்சுக்கிட்டுப் பின்னால நிக்கிறாரு, மொகம் தெரியல. வேற எங்க போயிப் பாக்குறது? அதான் இங்க வந்தேன்."

கையை நீட்டி மருவைத் தொட்டார். "இது சரியாத்தான் இருக்கு. மூக்குதான் அவருக்கு இம்புட்டு பெருசு இல்ல. கொஞ்சம் கொறச்சு விடுங்களேன். மாத்த வேணாம்னு சொன்னவரே இப்ப இல்ல. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் உளியை எடுத்தேன். மூக்கைச் சீவினேன். மருவைச் சிறிதாக்கினேன். பல்லை உதட்டளவுக்கு வெட்டினேன். பெரிதாக்கியதை எல்லாம் குறைத்துவிடலாம், மரம் இடம் கொடுக்கும். தாடைக்கு வந்தபோது கை நின்றது. அங்கே மரமே இல்லை, நான்தான் அரிந்து எறிந்திருந்தேன். ஒரு துண்டு ஒட்டிச் செதுக்கலாம் என்று நினைத்தேன். எப்படிச் செதுக்குவது? சதுரமா, கூர்மையா, நடுவில் குழி இருந்ததா? இருபது வருடம் தினமும் காலையில் பார்த்த முகம். மூக்கும் மருவும் பல்லும் இமையும் தவிர அந்த முகத்தில் வேறு எதையும் நான் பார்த்தே இருக்கவில்லை.

"பெரியம்மா," என்றேன், "ஐயாவுக்குத் தாடை எப்புடிங்க இருந்துச்சு?"

அவர் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேக்குறீங்களே தம்பி," என்றார். "நீங்கதானே அவர நல்லாப் பாத்துச் செஞ்சீங்க. எனக்கு அவரு மொகம் மறந்துக்கிட்டே வருதுன்னுதான் ஒங்ககிட்ட வந்தேன்."